டைனமிக்ஸ் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. என்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் தாளில் ஸ்டாட்டிக்ஸ் பகுதி நன்றாக வருகிறது. டைனமிக்ஸ் பகுதியைத் தொட்டாலே கை நின்றுவிடுகிறது. சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். கணக்கை எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. இரண்டு இன்டர்னலிலும் ஐம்பதைத் தொடவில்லை. அரியர் விழாமல் இருக்க எப்படிப் படிக்க வேண்டும், சார்?"

தம்பி, சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அந்த வரியில்தான் இருக்கிறது. அசையாமல் நிற்கும் பொருள்களைப் பற்றிய ஸ்டாட்டிக்ஸில் சூத்திரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. விசைகளின் கூட்டுத்தொகை சுழி, திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை சுழி, அத்தோடு சரி. அதனால் அங்கே வேறு வழியின்றிப் படம் வரைந்தீர்கள், படத்தைப் பார்த்துச் சமன்பாடு எழுதினீர்கள், விடையும் வந்தது. நகரும் பொருள்களைப் பற்றிய டைனமிக்ஸுக்கு வந்தவுடன் பதினோராம் வகுப்பு இயற்பியலில் பழகிய சூத்திரங்கள் கண்ணில் பட்டிருக்கும். கை தானாகவே படத்தை விட்டுவிட்டுச் சூத்திரத்தைத் தேடத் தொடங்கியிருக்கும். இந்தத் தாளைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என்னிடம் வந்த பிள்ளைகளில் டைனமிக்ஸில் தடுமாறியவர்கள் பெரும்பாலும் கணிதம் வராதவர்கள் அல்லர். எந்தச் சூத்திரம் எந்த நிபந்தனையின் கீழ் பிறந்தது என்று பார்க்காமல் அதை எடுத்துப் பயன்படுத்தியவர்கள்.

நம் ஊர் உதாரணம் ஒன்றிலேயே இதைப் பார்த்துவிடலாம். காசிமேடு துறைமுகத்துக்குள் ஒரு ஃபைபர் படகு விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நுழைகிறது என்றும், அந்த இடத்தில் என்ஜினை நிறுத்திவிடுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் போவதற்குள் வேகம் பாதியாகி விநாடிக்கு 1.5 மீட்டர் ஆகிவிடுகிறது. படகு எங்கே நிற்கும்? இதை வகுப்பில் கேட்டால், இறுதி வேகத்தின் வர்க்கம், தொடக்க வேகத்தின் வர்க்கம் என்று தொடங்கும் அந்தப் பழைய சூத்திரத்தை எடுத்துப் போட்டு, இன்னும் ஏழு மீட்டருக்குள், அதாவது தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 26.7 மீட்டரில் நின்றுவிடும் என்று பாதி வகுப்பு சொல்லிவிடும். அந்தச் சூத்திரம் முடுக்கம் மாறாதிருந்தால் மட்டுமே செல்லும். தண்ணீரின் தடையோ ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. படகு மெதுவாக ஆக ஆகத் தடையும் குறைந்துகொண்டே வரும். அப்படிப்பட்ட தடையில் கணக்கைச் சரியாகப் போட்டால், ஒவ்வொரு 20 மீட்டருக்கும் வேகம் பாதியாகிக்கொண்டே போகும் என்று வருகிறது: 40 மீட்டரில் 0.75, 60 மீட்டரில் அதிலும் பாதி. நம் மாணவர் "நின்றுவிடும்" என்று சொன்ன 26.7 மீட்டரில் படகின் வேகம் உண்மையில் விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர். அந்த இடத்தில் துறைச் சுவர் இருந்தால் மோதல் உறுதி. படகோட்டிகள் கரையை நெருங்கும்போது ரிவர்ஸ் கியர் போடுவதற்கான காரணமும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே விசையைப் பார்க்காமல் இயக்கத்தை மட்டும் பேசும் கைனமேட்டிக்ஸ் பகுதியில் நீங்கள் உண்மையில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே உறவுகள். முடுக்கம் என்பது திசைவேகத்தின் நேர வகைக்கெழு. அதே முடுக்கம், திசைவேகத்தைத் திசைவேகத்தின் இட வகைக்கெழுவால் பெருக்கினாலும் கிடைக்கும். முடுக்கம் நேரத்தைப் பொறுத்துக் கொடுக்கப்பட்டிருந்தால் முதலாவதைத் தொகையிடுங்கள். இடத்தைப் பொறுத்துக் கொடுக்கப்பட்டிருந்தால் இரண்டாவது. திசைவேகத்தைப் பொறுத்துக் கொடுக்கப்பட்டிருந்தால், கேள்வி நேரத்தைக் கேட்கிறதா தூரத்தைக் கேட்கிறதா என்று பார்த்து இரண்டில் ஒன்றை எடுங்கள். படகுக் கணக்கில் கேட்டது தூரம், ஆகையால் இரண்டாவது. பதினோராம் வகுப்பின் மூன்று சூத்திரங்களும் இவற்றிலிருந்து வந்தவைதாம். ஒரு மாதம் அவற்றை மறந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் தொகையீட்டிலிருந்தே தொடங்குங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

தமிழ்வழியில் படித்து வந்ததை நீங்கள் ஒரு குறைபோல எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளில் அது உங்களுக்கு ஒரு வசதி. ஆங்கிலவழியில் வந்த பிள்ளைகள் மொமென்ட், மொமென்டம், மொமென்ட் ஆஃப் இனர்ஷியா ஆகிய மூன்றையும் காதால் கேட்டே குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அவை திருப்புத்திறன், உந்தம், நிலைமத் திருப்புத்திறன். உந்தம் என்றால் உந்திக்கொண்டு போவது, திருப்புத்திறன் என்றால் திருப்புவது. ஒன்றை மற்றதாக நினைக்கவே முடியாது. திசைவேகம் என்ற சொல்லிலேயே திசை இருக்கிறது; மாறா வேகத்தில் வட்டமாகச் சுற்றும் பொருளுக்கும் முடுக்கம் உண்டு என்பதை வெலாசிட்டி என்ற சொல்லைவிட அது எளிதாகச் சொல்லிவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியபோது இந்தச் சொற்கள் பொறியியல் வகுப்பறைக்கும் வந்துவிட்டன. தேர்வை ஆங்கிலத்தில் எழுதுங்கள். கணக்கை மனத்துக்குள் தமிழில் யோசிப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இனி தலையான விஷயம். ஸ்டாட்டிக்ஸில் ஒரு படம் போதும். டைனமிக்ஸில் இரண்டு படங்கள் வேண்டும். முதல் படம் உங்களுக்குத் தெரிந்த ஃப்ரீ பாடி டயாகிராம், அதாவது தனித்த பொருளின் விசைப்படம். பொருளைச் சுற்றியுள்ள எல்லாவற்றிலிருந்தும் பிரித்தெடுத்து, அதன்மீது வெளியிலிருந்து செயல்படும் விசைகளை மட்டும் காட்டுவது. பக்கத்திலேயே அதே பொருளை மறுபடியும் வரைந்து, அதில் விசை எதையும் காட்டாமல், நிறை மையத்தில் நிறை × முடுக்கம் என்ற ஓர் அம்புக்குறியையும், பொருள் சுழன்றால் நிலைமத் திருப்புத்திறன் × கோண முடுக்கம் என்ற ஒரு வளைந்த அம்புக்குறியையும் மட்டும் காட்டுங்கள். இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு சமக்குறி. இடப்பக்கம் காரணம், வலப்பக்கம் விளைவு. இடப்படத்தில் விளைவு எதுவும் நுழையக் கூடாது, வலப்படத்தில் காரணம் எதுவும் நுழையக் கூடாது. இதைக் கறாராகக் கடைப்பிடித்தால் பாதித் தவறுகள் நிகழ இடமே இருக்காது.

இங்கேதான் தாலம்பேர் தத்துவம் குறுக்கே வரும். பிரெஞ்சுக் கணித அறிஞர் தாலம்பேர் 1743இல் வெளியிட்ட இயக்கவியல் நூலின் வழியாக வந்தது அது. நம் கல்லூரிகளில் அதைச் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான்: நிறை × முடுக்கம் என்பதைத் திசை மாற்றி ஒரு போலி விசையாக முதல் படத்திலேயே சேர்த்துவிட்டால், கணக்கு ஸ்டாட்டிக்ஸ் கணக்காகிவிடும். தத்துவத்தில் பிழை ஒன்றும் இல்லை. பின்னால் இயந்திரங்களின் இயக்கவியல் படிக்கும்போது அது மிக உதவியாகவும் இருக்கும். ஆனால் தொடக்கத்தில் அதைக் கையில் எடுப்பவர்கள், இடப்பக்கம் போலி விசையையும் போட்டு, பழக்க தோஷத்தில் வலப்பக்கம் நிறை × முடுக்கத்தையும் எழுதி, ஒரே அளவை இரண்டு முறை எண்ணிவிடுகிறார்கள். இந்தத் தத்துவத்தைக் கொண்டு கணக்கிடுமாறு வினாத்தாளில் நேரடியாகக் கேட்டாலொழிய, இந்தப் பருவம் முழுவதும் அதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. சக ஆசிரியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு முறை எண்ணியவர்களில் நானும் ஒருவன். நான் மாணவனாக இருந்தபோது ஒரு மாதத் தேர்வில், வளைவில் திரும்பும் லாரி எந்த வேகத்தில் கவிழும் என்ற கணக்கு வந்தது. இன்று திருவொற்றியூர், மணலி, எண்ணூர் சாலைகளில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளை நீங்கள் தினமும் பார்ப்பதால், அந்தக் கணக்கை அவற்றை வைத்தே போடலாம். கன்டெய்னரின் உயரம் சுமார் 2.6 மீட்டர், அது டிரெய்லர் தளத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. சரக்கும் வண்டியும் சேர்ந்த நிறை மையம் தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், நடுக்கோட்டிலிருந்து வெளிச்சக்கரம் 0.95 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும், வளைவின் ஆரம் 25 மீட்டர் என்றும் கொள்வோம். சாலை சமதளம்.

இடப்படத்தில் என்னென்ன வரும்? நிறை மையத்தில் எடை கீழ்நோக்கி. கவிழும் தறுவாயில் உள்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பத் தயாராக இருப்பதால், தரையின் செங்குத்து எதிர்விசை முழுவதும் வெளிச்சக்கரத்தில் மேல்நோக்கி. அதே இடத்தில் உராய்வு, வளைவின் மையத்தை நோக்கி. இந்த மூன்றைத் தவிர வேறு விசை கிடையாது. மையவிலக்கு விசை என்று ஒன்றை இங்கே வரைந்தால் கணக்கு கெட்டுவிடும். வலப்படத்தில் நிறை மையத்தில் ஒரே ஓர் அம்பு: நிறை × மையநோக்கு முடுக்கம், வளைவின் மையத்தை நோக்கி. கோண முடுக்கம் இன்னும் தொடங்கவில்லை, ஆகவே வளைந்த அம்பு இல்லை.

இப்போது வெளிச்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைப் பற்றித் திருப்புத்திறன் எடுங்கள். இடப்படத்தில் எதிர்விசையும் உராய்வும் அந்தப் புள்ளி வழியாகவே போவதால் அவற்றின் பங்கு சுழி. எடை × 0.95 மட்டும் நிற்கிறது. இங்கே ஸ்டாட்டிக்ஸ் பழக்கத்தில் வலப்பக்கம் சுழி என்று எழுதினால், எடை × 0.95 = 0 என்ற அபத்தம் வந்து நிற்கும். பல மாணவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய்த்தான் மையவிலக்கு விசையைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். வலப்படத்தைப் பார்த்தால் பயப்படத் தேவையில்லை: அங்கே நிறை × முடுக்கம் என்ற அம்பு அந்தப் புள்ளியிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதற்கும் திருப்புத்திறன் உண்டு. எடை × 0.95 = நிறை × முடுக்கம் × 2.2. நிறை இருபுறமும் அடிபட்டுப் போகிறது. முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தது. விடை விநாடிக்குச் சுமார் 10.3 மீட்டர், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர்.

நான் மாணவனாக இருந்தபோது செய்த தவறு, போலி விசையை இடப்பக்கமும் நிறை × முடுக்கத்தை வலப்பக்கமும் சேர்த்து எழுதியது. இந்த எண்களைக் கொண்டு அதே தவறைச் செய்தால் விடை 26 கிலோமீட்டர் என்று வரும். 26 என்பது பார்க்க நியாயமான எண்ணாகவே தெரிவதுதான் இதில் ஆபத்து. விடையைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க வழியில்லை, படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கணக்கில் இன்னும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கவிழ்வதற்கு முன்பே லாரி வழுக்கிவிடாதா? கவிழும் தறுவாயில் தேவைப்படும் உராய்வுக்கும் எடைக்கும் உள்ள விகிதம் 0.95 வகுத்தல் 2.2, அதாவது ஏறத்தாழ 0.43. காய்ந்த தார்ச்சாலையில் டயருக்குக் கிடைக்கும் உராய்வுக் குணகம் சாதாரணமாக இதைவிட நன்றாகவே அதிகம். ஆகவே கன்டெய்னர் லாரி வழுக்காது, கவிழும். நிறை மையம் தாழ்வாக உள்ள காருக்கு இதே கணக்கைப் போட்டால் அது கவிழாமல் வழுக்கும். உண்மையில் லாரி 37ஐ எட்டுவதற்கு முன்பே கவிழக்கூடும், ஏனென்றால் வளைவில் சஸ்பென்ஷன் வெளிப்பக்கம் சாய்ந்து நிறை மையத்தையும் கூடவே தள்ளிக்கொண்டு போகிறது; சரக்கு நகர்ந்தால் இன்னும் மோசம். பாடநூல் கணக்கு தருவது மேல் வரம்பு மட்டுமே.

மோதல் பகுதிக்கு வருவோம். இதற்கு நம் பகுதியில் கேரம் பலகையை விட்டு வேறு எதையும் தேடவேண்டியதில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா வடசென்னைக்காரர்; தெருவுக்குத் தெரு பலகை போட்டு ஆடும் ஊர் இது. போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது; காயின் எடை 5 முதல் 5.5 கிராம் வரை. 15, 5 என்றே எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்கர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, நிற்கும் காயை நேராக அடிக்காமல் ஓரமாகக் 'கட்' செய்கிறது. மோதும் கணத்தில் இரண்டின் மையங்களையும் இணைக்கும் கோட்டுக்கும் ஸ்ட்ரைக்கர் வந்த திசைக்கும் இடையே 30 பாகை. மீட்சியளிப்புக் குணகம், அதாவது மோதிய பின் விலகும் வேகத்துக்கும் மோதுமுன் நெருங்கிய வேகத்துக்கும் உள்ள விகிதம், 0.8 என்று கொடுக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கில் மாணவர்கள் குணகத்தை முழு வேகத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். குணகம் மையங்களை இணைக்கும் கோட்டின் வழியே உள்ள கூறுக்கு மட்டுமே உரியது. விளிம்புகளுக்கிடையே உள்ள உராய்வைப் புறக்கணித்தால், அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் எந்த விசையும் இல்லை; ஆகவே அந்தத் திசையில் ஸ்ட்ரைக்கரின் வேகம் மாறாது, காய்க்கு வேகமே கிடைக்காது. இந்த ஒரு வாக்கியத்தில் கேரம் ஆட்டத்தின் கட் முழுவதும் இருக்கிறது: ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், காய் மையங்களை இணைக்கும் கோட்டில்தான் போகும். குழிக்கு நேர் எதிரே காயின் எந்த இடத்தைத் தொடவேண்டும் என்று ஆடுபவர் பார்ப்பது அதனால்தான்.

எண்களைப் பார்ப்போம். கோட்டின் வழியே ஸ்ட்ரைக்கரின் கூறு 1.73, செங்குத்தாக 1. கோட்டின் வழியே உந்த அழியாமையையும் குணகச் சமன்பாட்டையும் சேர்த்துத் தீர்த்தால், காய் விநாடிக்கு 2.34 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ஸ்ட்ரைக்கருக்கு அந்தக் கோட்டில் 0.95 மிஞ்சுகிறது. செங்குத்துக் கூறு 1 அப்படியே இருப்பதால் ஸ்ட்ரைக்கரின் மொத்த வேகம் 1.38, அது முன்பு வந்த பாதையிலிருந்து சுமார் 16 பாகை விலகிப் போகிறது. அடித்த ஸ்ட்ரைக்கரின் வேகத்தைவிடக் காயின் வேகம் அதிகம் என்பதைக் கண்டு, தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். கனமான பொருள் இலேசான பொருளை அடித்தால் அப்படித்தான் வரும். இயக்க ஆற்றலைக் கூட்டிப் பாருங்கள்: மோதலுக்கு முன் இருந்ததைவிடப் பின்னால் சுமார் 7 சதவீதம் குறைந்திருக்கும். கூடியிருந்தால்தான் தப்பு. மோதல் கணக்கு ஒவ்வொன்றிலும் கடைசியில் இந்தச் சரிபார்ப்பைச் செய்யுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

எந்தக் கணக்குக்கு எந்த முறை என்ற கேள்விக்கு இதற்குமேல் நீட்டி எழுத ஒன்றும் இல்லை. கேள்வி விசையையோ முடுக்கத்தையோ கேட்டால் நியூட்டன். வேகத்தையும் தூரத்தையும் பேசினால் வேலை–ஆற்றல். நேரத்தைப் பேசினாலோ மோதல் என்றாலோ கணத்தாக்கு–உந்தம்; கணத்தாக்கு என்பது விசை × நேரம். வியாசர்பாடிப் பக்கம் குத்துச்சண்டை பழகும் நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், கையுறை எந்த அளவைக் கூட்டுகிறது, எந்த அளவைக் குறைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்: உந்த மாற்றம் அதேதான், நேரம் கூடுகிறது, விசை குறைகிறது.

திண்மப்பொருட்களின் இயக்கம் தொடங்கும் இடத்தில் பலருக்கும் சக்கரம்தான் முதல் தடை. உருளும் சக்கரத்தின் அடிப்புள்ளி ஒரு கணம் அசையாமல் நிற்கிறது என்று சொன்னால் யாரும் உள்ளூர நம்புவதில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955இலிருந்து ரயில் பெட்டிகளைச் செய்துவருகிறது. அந்த வகைப் பெட்டியின் புதிய சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர். ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் சக்கரத்தின் கோணத் திசைவேகம் விநாடிக்குச் சுமார் 36 ரேடியன், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று. தண்டவாளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது. சக்கரத்தின் உச்சிப்புள்ளி 120 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே பாய்கிறது. இதோடு நிற்காமல் ஃபிளாஞ்சைப் பாருங்கள். சக்கரம் தண்டவாளத்தைவிட்டு இறங்காமல் இருக்க உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு அது. தண்டவாளத்தின் மேல்தளத்துக்கும் கீழே சுமார் 28 மில்லிமீட்டர் தொங்குகிறது. கணச்சுழல் மையம், அதாவது அந்தக் கணத்தில் சக்கரம் முழுவதும் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அது, தண்டவாளத் தொடுபுள்ளி. அதற்கும் கீழே இருக்கும் புள்ளி எந்தப் பக்கம் போகும்? பின்பக்கம். 36ஐ 0.028ஆல் பெருக்குங்கள்: விநாடிக்கு ஒரு மீட்டர். பேசின் பிரிட்ஜைத் தாண்டி 60 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும் ரயிலின் ஒரு பகுதி, அந்தக் கணத்தில் சென்ட்ரலை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இது புரிந்துவிட்டால் கணச்சுழல் மையம் என்ற கருத்து உங்களுடையதாகிவிட்டது. ஏணி சறுக்குவது, கிராங்க்கும் பிஸ்டனும் எல்லாம் இதே வழியில் வந்துவிடும்.

கிராங்க், பிஸ்டன் என்று வந்ததால் ஒரே ஓர் எண் மட்டும். கிராங்க் ஆரம் 60 மில்லிமீட்டர், கனெக்டிங் ராடு 240 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 1,800 சுற்று என்று ஒரு டீசல் என்ஜினை எடுத்துக்கொண்டால், மேல்முனையில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போலச் சுமார் 270 மடங்கு. அந்தக் கணத்தில் அதன் வேகம் சுழி என்பதையும் கவனியுங்கள். வேகம் இல்லாத இடத்தில் முடுக்கம் இருக்காது என்ற எண்ணம் உங்களுக்குள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால், அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

உருளுதலில் உராய்வின் திசையை முன்கூட்டியே ஊகித்துக் குழம்ப வேண்டாம். ஒரு திசையில் வரைந்துவிடுங்கள். விடை எதிர்க்குறியில் வந்தால் மறுதிசை என்று பொருள். நழுவாமல் உருளும் பொருளில், உராய்வு என்பது குணகம் × எதிர்விசை என்று எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. அது நழுவும்போது மட்டும், அல்லது நழுவும் தறுவாயில் மட்டும். மற்ற நேரங்களில் உராய்வு ஒரு தெரியாத எண். சமன்பாடுகளைத் தீர்த்துக் கண்டுபிடித்த பிறகு, அது குணகம் × எதிர்விசையைத் தாண்டவில்லையா என்று சரிபார்க்க வேண்டும். நான் திருத்திய விடைத்தாள்களில் இந்த ஓர் இடத்தில் போன மதிப்பெண்களுக்குக் கணக்கே இல்லை.

கோரியோலிஸ் முடுக்கம் பற்றிச் சுருக்கமாக: அந்தப் பெயர் 1835இல் அதைப் பற்றி எழுதிய பிரெஞ்சுப் பொறியாளரிடமிருந்து வந்தது. சுழன்றுகொண்டிருக்கும் ஒரு தண்டின்மேல் இன்னொரு பொருள் சறுக்கும்போது அது எழும். உங்கள் கல்லூரி வொர்க்‌ஷாப்பில் ஷேப்பிங் மெஷின் இருக்கும். அதன் உள்ளே ஆடும் நெம்புகோலின் துளையில் ஒரு கட்டை மேலும் கீழும் சறுக்குவதைப் பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மெஷினை நிறுத்திவிட்டுத்தான். வெட்டும்போது மெதுவாகவும் திரும்பும்போது விரைவாகவும் ராம் (வெட்டுளியைத் தாங்கி முன்னும் பின்னும் போகும் பகுதி) போவதற்கு அந்த அமைப்புதான் காரணம். சுழற்சி, சறுக்கல் இரண்டும் ஒரே இடத்தில் தெரியும். அங்கே கோணத் திசைவேகத்தின் இருமடங்கு × சறுக்கும் வேகம் என்று எழுத வேண்டும். பெரும்பாலும் அடுத்த பருவங்களில் இயந்திரக் கோட்பாட்டுத் தாளில் வரும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அலகு விஷயத்தில் நம் பகுதிக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. வீட்டில் அப்பாவோ மாமாவோ பட்டறையிலோ துறைமுகத்திலோ வேலை பார்ப்பவராக இருந்தால், கிரேன் பத்து டன் தூக்கும், கயிறு ஐந்நூறு கிலோ தாங்கும் என்றே காதில் விழுந்து வளர்ந்திருப்போம். அவர்கள் சொல்வது எடையை, அதாவது விசையை. வினாத்தாளில் 500 கிலோகிராம் என்றிருந்தால் அது நிறை. விசை வேண்டுமென்றால் 9.81ஆல் பெருக்கி 4,905 நியூட்டன் என்று எழுத வேண்டும். 500 நியூட்டன் எடை என்று கொடுத்திருந்தால் நிறை 51 கிலோகிராம்தான். ஸ்டாட்டிக்ஸில் இந்தக் குழப்பம் சில சமயம் தப்பித்துவிடும், ஏனென்றால் அங்கே நிறை தனியே தேவைப்படுவதில்லை. டைனமிக்ஸில் தப்பாது.

தேர்வில் கணக்கு முடிவு வரை போகாவிட்டாலும், இரண்டு படங்களும், எடுத்துக்கொண்ட நேர்த்திசையும், தடைச் சமன்பாடும் தெளிவாக இருந்தால் திருத்துபவர் பகுதி மதிப்பெண் தருவார். தடைச் சமன்பாடு என்று நான் சொல்வது, கயிற்றின் நீளம் மாறாது, சக்கரம் நழுவாது என்பவை போன்றவற்றை. கப்பிக் கணக்கில் இரண்டு பொருள்களின் முடுக்கங்களுக்கும் உள்ள உறவு அதிலிருந்துதான் வருகிறது. தெரியாத அளவுகளையும் சமன்பாடுகளையும் எண்ணிப் பாருங்கள். சமன்பாடு ஒன்று குறைந்தால் நீங்கள் மறந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு போதும், ஆனால் தீர்வைப் பார்க்காமல். முப்பது நிமிடம் முயன்றும் வராவிட்டால் தீர்வில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவையுங்கள்.

இன்று இரவே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. நம் தெருக்களில் லாரித் தண்ணீருக்காக வைத்திருக்கும் 200 லிட்டர் நீல நிற டிரம்கள் இரண்டு. இரண்டுக்கும் கூட்டின் நிறை 9 கிலோகிராம். ஒன்று காலி, மற்றதில் முழுக்கத் தண்ணீர், மூடி இறுகியிருக்கிறது. ஒரே சரிவில் இரண்டையும் படுக்கவைத்து ஒரே நேரத்தில் விட்டால் எது முன்னால் போகும்? கூடு உருளும், உள்ளே இருக்கும் தண்ணீர் சிறிது நேரத்துக்காவது சுழலாமல் வெறுமனே கூடப்போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; மூடி, அடித்தட்டு ஆகியவற்றைப் புறக்கணியுங்கள். விடையை முதலில் வாயால் சொல்லிவிட்டு, பிறகு இரண்டு படங்களையும் வரையுங்கள். காலி டிரம்முக்கு, உராய்வின்றிச் சறுக்கும் பொருளின் முடுக்கத்தில் பாதி என்றும், தண்ணீர் டிரம்முக்கு 0.96 பங்கு என்றும் வந்தால் சரி. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பார்த்து, எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள்.